பிக்கப் வண்டியின் பின்பட்டைகளை வீட்டிலேயே பலப்படுத்தலாமா?

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் ஏழாண்டுப் பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது, சுமை ஏற்றினால் குழிகளில் ஆக்சில் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) மேலேறி ரப்பர் தடுப்பில் இடிக்கிறது, வண்டியின் எடையைத் தாங்க ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகளின் கட்டில் இன்னும் ஒரு பட்டையைச் சேர்த்தால் சரியாகிவிடுமா, அதை வீட்டு வாசலிலேயே செய்துகொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் செய்துகொள்ள முடியும். ஆனால் உங்கள் வண்டிக்கு வேண்டியது கூடுதல் பட்டைதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், அது இல்லை என்றே நினைக்கிறேன்.

கமான் பட்டைக் கட்டுக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று அதன் விறைப்பு, அதாவது ஒரு மி.மீ. அமுங்குவதற்கு எத்தனை கிலோ தேவைப்படுகிறது என்பது. மற்றொன்று அதன் வளைவு, அதாவது சுமையே இல்லாதபோது நடுப்பகுதிக்கும் இரு முனைக் கண்களுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு. பல ஆண்டுகள் சுமை தாங்கிய பட்டை இழப்பது வளைவைத்தான். எஃகின் மீள்தன்மை எண், அதாவது வளைவதை அது எதிர்க்கும் அளவு, வயதாவதால் குறைவதில்லை. எந்தப் பட்டையும் உடையாத வரையில், ஏழாண்டுப் பழைய கட்டும் புதிய கட்டும் ஏறக்குறைய ஒரே விறைப்போடுதான் இருக்கும். பழையது தாழ்வான இடத்திலிருந்து அமுங்கத் தொடங்குவதால் தடுப்பை விரைவில் தொட்டுவிடுகிறது. ஆகவே உங்கள் வண்டி இழந்தது உயரம். அந்த உயரத்தைத் திரும்பப் பெறாமல் விறைப்பை மட்டும் கூட்டினால், காலியாகத் திரும்பும் வழியெல்லாம் வண்டி துள்ளும், சுமையோடு போகும்போது கிடைக்கும் நன்மையோ மிகச் சிறிதாக இருக்கும்.

எவ்வளவு சிறிது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கண்ணுக்குக் கண் 1,200 மி.மீ. நீளமும் 70 மி.மீ. அகலமும் கொண்ட, ஒவ்வொன்றும் 8 மி.மீ. தடிமனுள்ள ஏழு பட்டைகள் படிப்படியாகக் குட்டையாகி அடுக்கப்பட்ட ஒரு கட்டை எடுத்துக்கொள்வோம். பாடப்புத்தகச் சூத்திரத்தின்படி இதன் விறைப்பு மி.மீ.க்குச் சுமார் 8.2 கிலோ. ஒரு பக்கத்துக்கு 500 கிலோ ஏற்றினால் இது 61 மி.மீ. இறங்கும். அதே அளவில் எட்டாவது பட்டையைச் சேர்த்தால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு, அதாவது 14 சதவீதம் கூடும். இறக்கம் 53 மி.மீ. ஆகும். ஒரு பட்டை சேர்த்ததில் மிஞ்சியது 8 மி.மீ. மட்டுமே. மாறாக, எண்ணிக்கையைத் தொடாமல் ஏழு பட்டைகளையும் 9 மி.மீ. தடிமனுக்கு மாற்றினால் விறைப்பு 42 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் முப்படியைப் பொறுத்தது. கடையில் "ஒரு மி.மீ.தானே கூட" என்று சொல்லித் தடித்த பட்டையைக் கொடுத்தால் இந்த 42 சதவீதத்தை நினைவில் வையுங்கள்.

தடித்த பட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே அளவு வளையும்போது தடித்த பட்டையின் மேற்பரப்பில் ஏற்படும் இழுவிசை மெல்லியதை விட அதிகம். மெல்லிய பட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு தடித்த பட்டையைத் திணித்தால் அது தன் பங்குக்கு மேல் சுமை தாங்கும், முதலில் உடைவதும் அதுவாகவே இருக்கும். பழைய லாரிப் பட்டையை வெட்டிப் பிக்கப்பில் சேர்ப்பது நம் பக்கம் பரவலாக நடக்கும் வேலை. வளைவும் தடிமனும் பொருந்தாத அந்தப் பட்டை அடுத்த பட்டையோடு முழு நீளத்துக்கும் ஒட்டி உட்காராமல், இரண்டொரு புள்ளிகளில் மட்டும் அழுத்தி, அங்கேயே விரிசலைத் தொடங்கி வைக்கும். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எனவே ஸ்பேனரை எடுக்கும் முன் அளவெடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கமான சுமையை ஏற்றி எடைமேடைக்குச் செல்லுங்கள். முழு வண்டியையும் ஒருமுறை எடை போட்டுவிட்டு, பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தி இன்னொரு முறை போடச் சொல்லுங்கள். பின் ஆக்சில் உண்மையில் எவ்வளவு தாங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். அங்கேயே உயரத்தை மறுபடி அளந்தால், இத்தனை கிலோவுக்கு இத்தனை மி.மீ. இறங்குகிறது என்ற கணக்கு உங்கள் கையில் இருக்கும். இரு பக்கமும் சமமாகத் தாழ்ந்திருந்தால் அது வளைவு போனதன் அடையாளம். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பட்டை உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். உடைப்பு பெரும்பாலும், பட்டைகளை நடுவில் ஒன்றாகக் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளை அருகிலோ கிளிப்புக்கு அடியிலோ ஒளிந்திருக்கும் என்பதால், கம்பித் தூரிகையால் மண்ணைத் தேய்த்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பட்டைகளின் இடுக்கிலிருந்து செந்நிறத் துருத்தூள் ஓரிடத்தில் மட்டும் கசிந்திருந்தால் அங்கே சந்தேகப்படுங்கள். கட்டின் பின்முனையை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு இணைக்கும் சாக்கிளின் ரப்பர் புஷ் தேய்ந்து போயிருந்தாலும் சில மி.மீ. உயரம் குறையும்.

எடைமேடைச் சீட்டைப் பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். சீட்டில் உள்ள எண் அதைத் தாண்டியிருந்தால் பட்டையை மாற்றுவது தீர்வே அல்ல. பட்டை வண்டியை உயர்த்திப் பிடிக்கிறதே தவிர, ஆக்சில் குழாய்க்கோ, சக்கர பேரிங்குக்கோ, டயருக்கோ, பிரேக்குக்கோ, சேசிஸில் பட்டை மாட்டியிருக்கும் ஹேங்கருக்கோ பலத்தைக் கூட்டுவதில்லை. பட்டை வளையாமல் விறைத்து நின்றால், குழியில் விழும் அடி அப்படியே ஹேங்கரின் ரிவெட்டுகளுக்குப் போகிறது, சேசிஸ் விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. சட்டமும் இதைக் கவனிக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை 52ஆம் பிரிவு தடுக்கிறது. தேய்ந்த பட்டைக்குப் பதில் அதே அளவுள்ள புதிய பட்டையைப் போடுவது பழுது நீக்கல் என்பதால் அதில் இந்தச் சிக்கல் எழாது.

எடை வரம்புக்குள் இருக்கிறது, உயரம்தான் போய்விட்டது என்றால் உங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. பழைய கட்டைக் கழற்றி ஸ்பிரிங் பட்டறையில் வளைவு ஏற்றி வாங்குவது முதல் வழி. நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் லாரிப் பட்டைகளை நன்கு அறிந்த கைகள் உண்டு. ஆனால் சூடேற்றாமல் சுத்தியலால் அடித்து ஏற்றிய வளைவு நெடுநாள் நிற்பதில்லை. முறையாகச் செய்வதென்றால் பட்டையை ஏறத்தாழ 850 டிகிரி வரை சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி நடுத்தர வெப்பத்தில் பதப்படுத்த வேண்டும். உலையும் வெப்பமானியும் இல்லாத இடத்தில் இது நடக்காது. வீட்டில் காஸ் கட்டரால் சூடாக்கி வளைப்பதும், பட்டையில் வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது. சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும், அந்த இடம் ஒன்று தொய்ந்துவிடும், இல்லையேல் கண்ணாடி போல முறியும்.

இரண்டாவது வழி, உங்கள் வண்டி மாடலுக்கே உரிய புதிய முழுக் கட்டுகளை இரு பக்கமும் மாற்றுவது. நான் உங்களுக்குச் சொல்வது இதைத்தான். புதிய கட்டு வாங்கும்போது வண்டியின் சுமை வகையைச் சொல்லி வாங்குங்கள். பொலேரோ பிக்கப்பையே 1.3 டன், 1.7 டன் என்று வெவ்வேறு சுமைத்திறனில் விற்றிருக்கிறார்கள், பார்வைக்கு ஒன்று போலிருப்பதை வைத்து ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்கு வாங்கிவிடக் கூடாது. நல்ல தயாரிப்பில் பட்டையின் மேற்பரப்பைச் சிறு எஃகு மணிகளால் அடித்து இறுக்கியிருப்பார்கள். வளையும்போது இழுபடும் மேற்பக்கத்தில் இது ஒரு நிலையான அமுக்கத்தை ஏற்படுத்தி வைப்பதால் விரிசல் தொடங்குவது வெகுவாகத் தள்ளிப் போகிறது. அந்தப் பக்கத்தைக் கிரைண்டரால் வழவழப்பாக்கினால் அந்தப் பயன் முழுவதும் போய்விடும்.

மூன்றாவது வழி, காலியாக இருக்கும்போது சும்மா கிடந்து, சுமை ஏறி வண்டி குறிப்பிட்ட அளவு இறங்கிய பிறகே தொட்டு வேலை செய்யும் ஹெல்பர் பட்டை. காலியிலும் சுமையிலும் எடை வேறுபாடு மிகுந்த வண்டிக்கு இது அறிவார்ந்த ஏற்பாடு. பல பிக்கப்களில் கட்டின் அடியில் நேராகவும் தடிமனாகவும் இருக்கும் ஓரிரு பட்டைகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. புதிய கட்டு போட்ட பிறகும் எடை வரம்புக்குள்ளேயே வண்டி தடுப்பில் இடித்தால் மட்டும் இதைப் பற்றி யோசியுங்கள். தக்காளி ஏற்றும் வண்டிக்கு மென்மையும் ஒரு தேவை என்பது என் உறுதியான கருத்து. விறைத்த பட்டையில் அடிப்பெட்டித் தக்காளி சந்தைக்குப் போய்ச் சேரும்போது நசுங்கியிருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். சிமென்ட் தளம் வேண்டும், மண்தரையில் ஜாக்கி புதையும். வலுவான ஜாக் ஸ்டாண்டுகள் இரண்டு, ஜாக்கிகள் இரண்டு, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஒன்று, உடன் ஓர் ஆள். இவை இல்லாமல் தொடங்க வேண்டாம். ஒரு கட்டு எளிதில் 25 கிலோவைத் தாண்டும். முந்தைய நாளே எல்லா நட்டுகளின் மரைகளுக்கும் துருநீக்கி எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் முட்டுக்கட்டை வைத்து, பின்சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, ஆக்சில் ஹவுசிங்கின் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். ஸ்டாண்டுகளை ஆக்சிலுக்கு அடியில் வைக்கக் கூடாது, பட்டையின் முன் ஹேங்கருக்கு முன்னால் சேசிஸின் அடியில் வைக்க வேண்டும்; ஏனென்றால் ஆக்சில் மேலும் கீழும் நகர்ந்தால்தான் பட்டையின் இறுக்கம் தளரும். சக்கரங்களைக் கழற்றியதும், பட்டையில் விசை இல்லாத நிலை வரும் வரை ஜாக்கியை மெல்ல இறக்கி, அந்த நிலையிலேயே ஆக்சிலை இரு பக்கமும் தாங்கி வையுங்கள். ஆக்சில் ஒருபோதும் பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே கழற்றுங்கள். மறுபக்கம் மாட்டியிருந்தால் ஆக்சில் இடம் பெயராது, எது எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்ளவும் முடியும். ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட்டையும், கைப்பிரேக் கேபிளின் கிளிப்பையும் விடுவித்த பிறகு, கட்டை ஆக்சிலோடு இறுக்கும் U வடிவ யூ போல்ட்டுகளைக் கழற்றுங்கள். துரு ஏறி அசையாவிட்டால் அவற்றை வெட்டிவிடலாம். எப்படியும் அவற்றை மறுபடி பயன்படுத்தப் போவதில்லை. ஆனால் கிரைண்டர் தகடு பட்டையில் ஒரு கீறல் கூடப் போடக் கூடாது, தீப்பொறி பறக்கும் திசையில் டீசல் டாங்க்கோ பிரேக் குழாயோ இருக்கக் கூடாது. பிறகு பின்பக்கச் சாக்கிளையும், கடைசியாகக் கட்டின் முன்முனைப் பின்னையும் (pin) எடுத்தால் கட்டு கையோடு வந்துவிடும்.

கட்டைப் பிரித்துப் பார்க்க விரும்பினால் சென்டர் போல்ட்டின் இரு பக்கமும் வலுவான இறுக்கிகளைப் போட்ட பின்பே நட்டைத் தொடுங்கள். வளைவு வெவ்வேறான பட்டைகளைச் சேர்த்து இறுக்கியிருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன. நட்டு விலகிய கணத்தில் அவை எகிறி விரல்களை நசுக்கிவிடும். நடுத்துளையிலிருந்து முன்பாதியும் பின்பாதியும் எல்லா வண்டிகளிலும் சம நீளமாக இருப்பதில்லை என்பதால், புதிய கட்டில் முன்பக்கம் எது என்பதைப் பழையதோடு பக்கத்தில் வைத்து அளந்து சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் திருப்பி மாட்டினால் ஆக்சிலே இடம் மாறிவிடும்.

மாட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சிலில் கட்டு உட்காரும் இருக்கையிலுள்ள குழிக்குள் சரியாக இறங்க வேண்டும். அந்தப் போல்ட் ஆக்சிலைத் தாங்குகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது இடம் காட்டுவதற்கு மட்டுமே. ஆக்சிலைப் பட்டையோடு பிடித்து வைப்பது நான்கு யூ போல்ட்டுகளின் இறுக்கம்தான். என்னிடம் ஒருமுறை வந்த வண்டியில், வேறோர் இடத்தில் பட்டை மாற்றியவர்கள் பழைய யூ போல்ட்டுகளையே திரும்பப் போட்டிருந்தார்கள். ஒருமுறை நீண்டுவிட்ட போல்ட் இறுக்கத்தைப் பிடித்து வைக்காது. இரண்டே மாதத்தில் இறுக்கம் தளர்ந்து, பிரேக்கின் உதையெல்லாம் சென்டர் போல்ட்டில் விழுந்து, அது அறுந்து, ஆக்சில் ஒரு பக்கம் இரண்டு விரற்கடை பின்னுக்குப் போயிருந்தது. ஓட்டியவர் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்றுதான் வந்தார். அன்றிலிருந்து பட்டையைத் தொட்டால் யூ போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் புதியவை என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கட்டின் தடிமன் எத்தனை மி.மீ. கூடுகிறதோ அத்தனை மி.மீ. யூ போல்ட்டும் நீளமாக இருக்க வேண்டும். இறுக்கிய பின் நட்டுக்கு வெளியே மூன்று மரையாவது தெரிய வேண்டும். இருக்கையில் படியும் இடத்தில் தடித்த பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள், ஓட ஓட அது நசுங்கி இறுக்கத்தைக் குறைக்கும். நான்கு நட்டுகளையும் குறுக்குமாறாக, மூன்று நான்கு சுற்றுகளில் சிறிது சிறிதாக ஏற்றி, உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடியுங்கள். குழாய் மாட்டிய ரெஞ்சில் உடல் பலத்தால் முறுக்குவது அளவைத் தாண்டும் அல்லது எட்டாது, இரண்டுமே கேடு.

முன்முனைப் பின் (pin), சாக்கிள் போல்ட் இவற்றை மட்டும் கையால் திருப்பும் அளவோடு நிறுத்துங்கள். ரப்பர் புஷ் வகையில், வண்டி தொங்கும் நிலையில் அவற்றை இறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் மாட்டிக்கொண்டு சில மாதங்களில் கிழிந்துபோகும். சக்கரங்களைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி ஆட்டிய பிறகு அவற்றை இறுக்குவதே முறை. பழைய புஷ்களைப் புதிய பட்டையில் போடாதீர்கள், அந்தச் செலவில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை.

பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது பிரேக்கை. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு மெல்லிய கம்பியோ ஸ்பிரிங்கோ ஒரு வால்வோடு இணைந்திருக்கும். சுமை ஏறி வண்டி இறங்கினால் அந்த வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தத்தை விடும். வண்டி உயர்ந்திருந்தால் சுமை இல்லை என்று கொண்டு அழுத்தத்தைக் குறைக்கும். நீங்கள் புதிய பட்டையாலோ கூடுதல் பட்டையாலோ வண்டியைப் பழைய வடிவமைப்பு உயரத்துக்கு மேல் தூக்கிவிட்டால், முழுச் சுமையிலும் அந்த வால்வு வண்டி காலி என்றே கொள்ளும், பின்சக்கரங்கள் தங்கள் பங்குக்குப் பிடிக்காது. கொடைக்கானல் போன்ற மலைப்பாதையில் சுமையோடு இறங்கும்போது முன்பிரேக் மட்டும் கொதித்துப் போவதற்கு இது போதும். கையேட்டில் அந்தக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்யும் முறை இருக்கும். அதை ஒரு பிரேக் மெக்கானிக்கிடம் அழுத்தமானி வைத்துச் செய்துகொள்ளுங்கள். கட்டு மாற்றும் வேலையில் வீட்டில் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லும் ஒரே பகுதி இதுதான்.

வேலை முடிந்ததும் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள், சமமாக இருக்க வேண்டும். ஆக்சில் முழுவதும் தொங்கும்போது ஷாக் அப்சார்பர் அதன் எல்லையை எட்டிவிடாமலும் பிரேக் ஹோஸ் இழுபடாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். வேகமெடுக்கும்போது புதிதாக ஓர் அதிர்வு தோன்றினால், ஆக்சிலின் சாய்வு மாறி, எஞ்சினின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டு செல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட் கோணம் கெட்டிருக்கலாம். ஆக்சில் இருக்கைக்கும் பட்டைக்கும் இடையே சரியான ஆப்புத் தகடு வைத்து அதைத் திருத்தலாம். பின்பக்கம் உயர்ந்திருப்பதால் முகப்பு விளக்கின் ஒளி முன்பை விடத் தாழ்வாக விழும், அதையும் சரிசெய்துவிடுங்கள்.

முதல் ஓட்டத்தைக் காலி வண்டியோடு, நெரிசல் இல்லாத சாலையில், பிரேக்கைப் பல முறை சோதித்தபடி முடியுங்கள். 100 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும், முதல் முழுச் சுமைக்குப் பின் இன்னொரு முறை, 1,000 கி.மீ.யில் மற்றொரு முறை. பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது இறுக்கம் குறைவது இயல்பு. கடைசி இறுக்கத்துக்குப் பின் ஒவ்வொரு நட்டிலிருந்தும் போல்ட் நுனி வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். காலையில் டயரில் காற்றுப் பார்க்கும்போதே, கோடு நேராக இருக்கிறதா நட்டு நகர்ந்துவிட்டதா என்று குனிந்து ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.